நாட்டின் பிராந்தியங்களை வரையறுப்பது எப்படி?

கேள்வி இதுதான்: ஒரே நாட்டுக்குப் புவியியல் நூல் நான்கு பிராந்தியங்களைச் சொல்கிறது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணை ஒன்பதைக் காட்டுகிறது, பொருளாதாரப் புள்ளிவிவரத் துறை எட்டு என்கிறது. இவற்றில் எது அதிகாரபூர்வமானது? இந்த எல்லைகளை யார், எந்த அளவுகோலைக் கொண்டு வகுக்கிறார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், மூன்றுமே அதனதன் வேலைக்குச் சரியானவையாக இருக்கலாம். மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் சட்டம் இருக்கிறது. அரசாணை எல்லையைச் சொல்கிறது, ஓர் அலுவலகம் அதை நிர்வகிக்கிறது. பிராந்தியத்துக்குப் பெரும்பாலான நாடுகளில் அப்படி எதுவும் இல்லை. அது ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காக வகுக்கப்பட்ட பாகுபாடு. ஆகவே ஒரு பிராந்தியப் பட்டியலைக் கையில் எடுக்கும்போது, அது எந்தக் கேள்விக்காக, எந்த அடிப்படை அலகுகளைக் கொண்டு, எந்தத் தேதியின் எல்லைப்படி வகுக்கப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் தெரியாமல் பிராந்தியவாரி எண்களை ஒப்பிடுவது எவ்வளவு பெரிய தவறுக்கு இட்டுச் செல்லும் என்பதை ஒருமுறை நேரிலேயே உணர்ந்திருக்கிறேன். ஒரு மாவட்டத்தின் மக்கள்தொகை பத்து ஆண்டுகளில் கால் பங்கு குறைந்திருப்பதைக் கண்டு, மக்கள் ஊரை விட்டு வெளியேறியதற்கான காரணத்தை இரண்டு நாள் தேடினேன். எவரும் வெளியேறவில்லை, இடைப்பட்ட காலத்தில் மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது.

புவியியலார் பிராந்தியத்தை மூன்று வகையாகப் பார்க்கிறார்கள். மழையளவு, மண், பயிர், மொழி என ஏதோ ஒரு தன்மை உள்ளே பரவலாக ஒத்திருந்தால் அது ஒத்தியல்புப் பிராந்தியம். ஒரு நகரத்துக்கு வேலைக்கும் சந்தைக்கும் மருத்துவத்துக்கும் வந்துபோகும் சுற்றுப்புறம், தன்மையில் வேறுபட்டிருந்தாலும், அந்த மையத்தோடு கொண்ட தொடர்பால் ஒன்றாகும்போது அது செயற்பாட்டுப் பிராந்தியம். மூன்றாவது மக்கள் மனத்தில் வாழ்வது. அதற்குப் பெயர் உண்டு, பெருமை உண்டு, எல்லைக்கோடு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

இவற்றோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுவது நிலவகை. தமிழ் வாசகருக்கு இதை விளக்குவது எளிது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்பவை நிலத்தின் வகைகள். மலையும் மலை சார்ந்த இடமும் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் குறிஞ்சி உண்டு. வகை பல இடங்களில் திரும்பத் திரும்ப வரும். பிராந்தியமோ வரைபடத்தில் ஒரே ஒருமுறைதான் வரும். அதற்கென்று ஒரு பெயரும் ஓரிடமும் இருக்கும். நகர்ப்புறம், கடலோரம், வறண்ட நிலம் என்று புள்ளியியல் அலுவலகங்கள் வெளியிடும் பாகுபாடுகளும் வகைகளே. அவற்றைப் பிராந்தியங்களாக எண்ணிக்கொண்டு, ‘கடலோரப் பிராந்தியம்’ முழுவதற்கும் ஒரே சராசரியைச் சொல்வது, நாட்டின் இரு கோடிகளில் கிடக்கும் தொடர்பற்ற ஊர்களை ஒரே ஊராகப் பேசுவதற்குச் சமம்.

இயற்கையைப் பின்பற்றி எல்லை வகுத்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் இயற்கை பெரும்பாலும் கோடு போடுவதில்லை. புல்வெளி மெல்ல மெல்லப் பாலையாகிறது. இடையில் நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு இரண்டும் கலந்து கிடக்கும். ஓரளவு துல்லியமாகக் கிடைப்பது நீர்பிரிமேடு ஒன்றுதான். மழைத்துளி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்து ஆற்றுப் படுகைக்கு அந்த நிலம் சொந்தம். நிர்வாகத்துக்கு ஆறு எல்லை, நீரியலுக்கு ஆறு நடு என்பதுதான் அங்குள்ள இடர்ப்பாடு. ஆற்றின் நடுவில் மாவட்ட எல்லை ஓடும்போது ஒரே படுகை இரண்டாகப் பிளக்கப்பட்டு, அதன் நீர்க்கணக்கு இரண்டு அட்டவணைகளில் போய் விழுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டின் நீர்க் கட்டமைப்பு ஆணையில் ஆற்றுப்படுகை வட்டாரங்கள் என்ற தனி அலகை ஏற்படுத்தியது இதனால்தான்.

புள்ளியியலின் தேவை வேறு. ஒவ்வொரு மனிதரும் ஒவ்வொரு ஏக்கரும் ஏதேனும் ஒரு பிராந்தியத்தில் சேர வேண்டும். இரண்டில் சேரக் கூடாது, எதிலும் சேராமல் விடுபடவும் கூடாது. அப்போதுதான் பிராந்தியங்களைக் கூட்டினால் நாட்டின் மொத்தம் வரும். இந்த விதி எவ்வளவு கண்டிப்பாகப் பின்பற்றப்படுகிறது என்பதற்கு ஐரோப்பிய வகைப்பாட்டில் உள்ள ‘எக்ஸ்ட்ரா ரெஜியோ’ நல்ல சான்று. வெளிநாட்டிலுள்ள தூதரகங்கள், கடலடித் திட்டில் எண்ணெய் எடுக்கும் இடங்கள் போன்றவை எந்தப் பிராந்தியத்திலும் அடங்கா. ஆனால் அங்கே நடக்கும் உற்பத்தி நாட்டின் கணக்கில் இருக்கிறது. எனவே வரைபடத்தில் வடிவமே இல்லாத அந்த இடத்துக்கும் ஒரு குறியீடு தரப்பட்டிருக்கிறது.

வழக்கிலுள்ள பிராந்தியமும் புள்ளியியலின் இந்தத் தேவையும் மோதுவதை ஜப்பானில் பார்க்கலாம். ஹொக்கைடோ, டொஹோக்கு, கான்டோ, சூபு, கின்கி, சூகோக்கு, ஷிகோக்கு, கியூஷு என எட்டுப் பிராந்தியங்களைப் பள்ளிக் குழந்தைகள்கூட ஒப்பிப்பார்கள். ஆனால் அவற்றுக்கு ஆட்சியமைப்பு கிடையாது. சட்டப்படி உள்ளவை 47 மாகாணங்களே. நடுவிலுள்ள மியே மாகாணத்தைப் பாடப்புத்தகம் கின்கியில் சேர்க்கிறது. அங்குள்ளவர்களின் அன்றாடப் போக்குவரத்தும் பொருளாதாரமும் நாகோயாவைச் சார்ந்திருப்பதால், பல துறைகள் அதைச் சூபுவில், குறிப்பாக டோக்காய் பகுதியில் சேர்க்கின்றன. பேச்சில் இரண்டையும் சொல்லிவிட்டுப் போகலாம். அட்டவணையில் ஒன்றைத்தான் எழுத முடியும்.

பெரும்பாலான புள்ளியியல் பிராந்தியங்கள் நிர்வாக அலகுகளையே செங்கல்லாகக் கொண்டு கட்டப்படுவதற்கு எளிய காரணம் உண்டு. பிறப்பு, இறப்பு, வரி, பள்ளிச் சேர்க்கை, வேலையின்மை என எல்லாப் பதிவுகளும் மாவட்ட, நகராட்சி அலுவலகங்களில்தான் சேர்கின்றன. எண் எங்கே சேர்கிறதோ அங்கேதான் எல்லையும் நிற்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கக் கணக்கெடுப்புப் பணியகம் 50 மாநிலங்களையும் தலைநகர் மாவட்டத்தையும் 4 பிராந்தியங்களாகவும் அவற்றுக்குள் 9 பிரிவுகளாகவும் தொகுக்கிறது. எந்த மாநிலமும் நடுவில் வெட்டப்படுவதில்லை. அதே நாட்டின் பொருளாதார ஆய்வுப் பணியகம் 8 பிராந்தியங்களை வைத்திருக்கிறது. மேரிலாந்தும் டெலவேரும் கணக்கெடுப்பில் ‘தெற்கு’. பொருளாதாரக் கணக்கில் நியூயார்க், பென்சில்வேனியாவோடு சேர்ந்து ‘நடுக் கிழக்கு’. தெற்கின் வருமானம் இவ்வளவு என்று ஒருவர் சொன்னால், யாருடைய தெற்கு என்று கேட்காமல் அந்த எண்ணைப் பயன்படுத்த முடியாது.

பிரேசிலில் எல்லை அரசியலமைப்பின் வழியாகவே நகர்ந்தது. 1988இல் வந்த புதிய அரசியலமைப்பு கோயாஸ் மாநிலத்தின் வடபகுதியைப் பிரித்து டொகாண்டின்ஸ் என்ற மாநிலத்தை உருவாக்கியது. கோயாஸ் மத்திய மேற்குப் பிராந்தியத்தில் இருக்க, டொகாண்டின்ஸ் வடக்குப் பிராந்தியத்தில் சேரும் என்றும் சொன்னது. நிலம் அசையவில்லை. ஆனால் அதற்கு முந்தைய ‘வடக்கு’க்கும் பிந்தைய ‘வடக்கு’க்கும் பரப்பு, மக்கள்தொகை, கால்நடை எண்ணிக்கை எல்லாமே வேறு.

நிர்வாக அலகு பொருந்தாத இடத்தில் புள்ளியியல் அலுவலகமே எல்லையை வகுத்துக்கொள்கிறது. கனடாவில் மாகாணத்துக்குக் கீழே கணக்கெடுப்புப் பிரிவு என்ற படி உண்டு. பல மாகாணங்களில் அது சட்டப்படியான அலகு, ஆனால் மனிடோபா, சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா, நியூஃபவுண்ட்லாந்து-லாப்ரடோர் ஆகியவற்றின் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லாததால், மாகாண அரசுகளோடு கலந்து கனடாவின் புள்ளியியல் துறை வகுத்தது. சுவீடனில் 21 கவுன்ட்டிகளை (மாவட்டம் போன்ற நிர்வாக அலகுகளை) 8 தேசியப் பகுதிகளாகத் தொகுத்திருக்கிறார்கள். அந்த எட்டுக்கும் ஆளும் அமைப்பு ஏதுமில்லை. இதன் மறுபக்கமும் உண்டு. ஜெர்மனியின் கீழ் சாக்சனி மாநிலம் தன் நான்கு நிர்வாகக் கோட்டங்களையும் 2004ஆம் ஆண்டின் முடிவோடு கலைத்துவிட்டது. அலுவலகங்கள் மூடப்பட்டன, எல்லைகள் மட்டும் புள்ளிவிவர அட்டவணைகளில் இன்றும் தொடர்கின்றன. இங்கிலாந்தின் ஒன்பது பிராந்தியங்களின் கதையும் இதுவே. அவற்றுக்கான அரசு அலுவலகங்கள் 2011இல் மூடப்பட்ட பிறகும் எண்கள் அதே ஒன்பதாக வெளிவருகின்றன. காலத் தொடர் அறுந்துபோகக் கூடாது என்ற கவலையே இதற்குக் காரணம். என் பார்வையில் அது சரியான கவலை.

இவை எல்லாவற்றிலும் விரிவாக எழுதிவைக்கப்பட்ட விதிமுறை ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘நட்ஸ்’ வகைப்பாடு. 1970களில் ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் தொடங்கிய இந்த முறைக்கு 2003இல் வந்த 1059ஆம் எண் ஒழுங்குவிதி சட்ட வலிமை தந்தது. மூன்று படிநிலைகள்: முதல் படியில் 30 லட்சம் முதல் 70 லட்சம் பேர், இரண்டாம் படியில் 8 லட்சம் முதல் 30 லட்சம், மூன்றாம் படியில் 1.5 லட்சம் முதல் 8 லட்சம். ஒவ்வொரு பிராந்தியமும் இந்த வரம்புக்குள் அடங்க வேண்டும் என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். ஏற்கெனவே இருக்கும் நிர்வாக அலகுகளைப் பயன்படுத்தும் நாட்டில், அந்த அலகுகளின் சராசரி அளவு வரம்புக்குள் இருந்தால் போதும். அதனால்தான் 1.2 கோடிப் பேர் வாழும் பாரிஸ் பகுதியான இல்-த-பிரான்சும், சுமார் 30,000 பேர் மட்டுமே வாழும் பின்லாந்தின் ஓலண்ட் தீவுகளும் ஒரே இரண்டாம் படியில் இருக்கின்றன. லக்சம்பர்க்கோ மூன்று படியிலும் ஒரே பிராந்தியம், நாடே பிராந்தியம். பிரான்ஸ் 2016 சனவரி 1 அன்று ஐரோப்பியப் பெருநிலத்திலும் கோர்சிகாவிலும் இருந்த 22 பிராந்தியங்களை 13ஆக இணைத்தபோது, புதியவை முதல் படிக்குப் போயின. நிர்வாகத்தில் மறைந்த பழைய 22ம் இரண்டாம் படியில் அப்படியே நிலைத்தன.

எல்லை எங்கே விழுகிறது என்பது வெறும் வரைபடப் பிரச்சினை இல்லை, பணப் பிரச்சினையும்கூட. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியில், தலா உள்நாட்டு உற்பத்தி ஒன்றியச் சராசரியில் 75 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள இரண்டாம் படிப் பிராந்தியம் ‘குறைந்த வளர்ச்சியுற்றது’ என்ற வகையில் சேர்ந்து கூடுதல் உதவி பெறுகிறது. இங்கே எல்லை செய்யும் வேலையை ஒரு சிறு கணக்கால் காட்டுகிறேன். சம மக்கள்தொகை கொண்ட நான்கு மாவட்டங்களை எடுத்துக்கொள்வோம். சராசரி 100 என்றால், முதல் மாவட்டத்தின் வருமானம் 160, இரண்டாவது 60, மூன்றாவது 110, நான்காவது 70. இரண்டிரண்டாகச் சேர்த்து இரண்டு பிராந்தியங்கள் ஆக்க வேண்டும். முதலும் இரண்டும் சேர்ந்தால் 110, மூன்றும் நான்கும் சேர்ந்தால் 90. எங்கும் பின்தங்கிய பிராந்தியமே இல்லை. முதலும் நான்கும் சேர்ந்தால் 115, இரண்டும் மூன்றும் சேர்ந்தால் 85, இப்போதும் இல்லை. முதலும் மூன்றும் சேர்ந்தாலோ 135, இரண்டும் நான்கும் சேர்ந்து 65; பாதி மக்கள் பின்தங்கிய பிராந்தியத்தில் வாழ்கிறார்கள். ஒருவருடைய வருமானமும் மாறவில்லை. கோடு மட்டும்தான் மாறியது.

போலந்தில் இதுவே உண்மையாக நடந்தது. வார்சா நகரின் செல்வம் அதைச் சூழ்ந்த மசோவியா மாகாணம் முழுவதையும் வளர்ச்சியுற்றதாகக் காட்டியது. தலைநகருக்கு அப்பாலிருந்த ஏழை ஊர்கள் சராசரிக்குள் மறைந்தன. 2018 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், மாகாணம் நிர்வாகத்தில் ஒன்றாகவே நீடிக்க, புள்ளிவிவரத்துக்காக மட்டும் வார்சா தலைநகர்ப் பகுதி, எஞ்சிய மசோவியா என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 2021 முதலான நிதிக்காலத்தில் முதலாவது வளர்ச்சியுற்ற வகையிலும் இரண்டாவது குறைந்த வளர்ச்சியுற்ற வகையிலும் சேர்ந்தன. ஹங்கேரியும் அதே திருத்தத்தில் புடாபெஸ்டை அதைச் சூழ்ந்த பெஸ்ட் கவுன்ட்டியிலிருந்து பிரித்தது. நிதிக்காக எல்லையை மாற்றினார்கள் என்று இதைக் குறை சொல்வாருண்டு. உள்ளே இருந்த வறுமையை மறைத்த எல்லைதான் முதலில் குறையுள்ளது என்பது என் கருத்து.

எல்லையை மாற்றினால் விடையும் மாறும் இந்த நிலைக்குப் புள்ளியியலில் ‘மாறத்தக்க பரப்பலகுச் சிக்கல்’ என்று பெயர் சொல்லலாம். 1979இல் புவியியலார் ஸ்டான் ஓப்பன்ஷாவும் பீட்டர் டெய்லரும் அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள 99 கவுன்ட்டிகளை எடுத்து, முதியோர் விகிதத்துக்கும் குடியரசுக் கட்சிக்கு விழுந்த வாக்குவிகிதத்துக்கும் இடையிலான ஒட்டுறவை (இரண்டும் எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை) பல்வேறு தொகுப்புகளில் கணக்கிட்டார்கள். கவுன்ட்டிகளைச் சேர்க்கும் விதத்தை மாற்ற மாற்ற, விடை வலுவான எதிர்மறையிலிருந்து வலுவான நேர்மறை வரை நகர்ந்தது. அதைவிட முந்தையது சமூகவியலார் டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950இல் காட்டியது. அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், வெளிநாட்டில் பிறந்தவராக இருப்பதற்கும் எழுத்தறிவின்மைக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு தனிநபர் அளவில் 0.118, அதாவது குடியேறியவர்களிடையே எழுத்தறிவின்மை சற்றே அதிகம். மாநில அளவில் கணக்கிட்டால் அது எதிர்மறை 0.526, மேலே சொன்ன ஒன்பது பிரிவுகளின் அளவில் எதிர்மறை 0.619. குடியேறியவர்கள் பெரும்பாலும் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் குடியேறினார்கள். அதனால் மாநிலச் சராசரியைப் பார்ப்பவருக்கு, குடியேறியவர்களே நன்கு கற்றவர்கள் போலத் தெரிந்தது. பிராந்தியத்தின் எண்ணைப் பிராந்தியத்தில் வாழும் மனிதரின் எண்ணாகப் படிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

வேலைக்காக எல்லை தாண்டுவோரும் எண்ணைக் குலைக்கிறார்கள். உற்பத்தி, வேலை நடக்கும் இடத்தில் கணக்கிடப்படுகிறது. மக்கள்தொகையோ வாழும் இடத்தில். லக்சம்பர்க்கில் வேலை செய்வோரில் ஏறத்தாழ பாதிப் பேர் பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியத்திலிருந்து அன்றாடம் வந்துபோகிறார்கள். அவர்கள் உழைப்பு வகுக்கப்படும் உற்பத்தியில் உண்டு, அவர்கள் தலை வகுக்கும் மக்கள்தொகையில் இல்லை. தலா உற்பத்தி வானளவு உயர்ந்து நிற்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. லண்டனின் உள்நகரப் பகுதிக்கும் இதுவே பொருந்தும். இந்த இடத்தில்தான் செயற்பாட்டுப் பிராந்தியம் கைகொடுக்கிறது. பிரிட்டனில் வேலைப் பயணப் பகுதிகள் என்று வகுக்கும்போது, அங்கே குடியிருந்து வேலை செய்வோரில் பொதுவாக 75 விழுக்காட்டினர் அதற்குள்ளேயே வேலை பார்க்க வேண்டும், அங்கே வேலை பார்ப்போரில் அதே அளவினர் அதற்குள்ளேயே வாழவும் வேண்டும் என்பது விதி. பெரிய பகுதிகளுக்கு மட்டும் அது சற்றுத் தளர்த்தப்படுகிறது. 2011 கணக்கெடுப்பைக் கொண்டு இப்படி 228 பகுதிகள் கிடைத்தன. அமெரிக்காவின் பெருநகரப் புள்ளியியல் பகுதியில், குறைந்தது 50,000 பேர் கொண்ட நகரப்பகுதி உள்ள மையக் கவுன்ட்டியோடு, 25 விழுக்காட்டுப் பயணத் தொடர்புள்ள வெளிக் கவுன்ட்டிகள் சேர்க்கப்படுகின்றன. இத்தகைய எல்லைகள் ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் நகர்கின்றன. உண்மையைப் பின்தொடர்வதற்கு அவை தரும் விலை அது.

நகரம், கிராமம் என்ற பாகுபாட்டில் நாடுகளுக்கிடையே ஒப்பீடே நெடுங்காலம் இயலாமல் இருந்தது. டென்மார்க்கில் 200 பேர் கூடி வாழ்ந்தால் நகர்ப்புறம். இந்தியக் கணக்கெடுப்பில், சட்டப்படி நகரமாக அறிவிக்கப்படாத ஊர் நகரமாகக் கருதப்படக் குறைந்தது 5,000 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளரில் 75 விழுக்காட்டினர் வேளாண்மைக்கு வெளியே இருத்தல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி ஆகிய மூன்றும் வேண்டும். 2020இல் ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்ட ‘நகரமயத்தின் அளவு’ என்ற முறை நிர்வாக எல்லையை முதலில் ஒதுக்கிவைக்கிறது. நிலத்தை ஒரு சதுர கிலோமீட்டர்க் கட்டங்களாகப் பிரித்து, 1,500 பேருக்குக் குறையாத அடர்த்தியுள்ள, ஒன்றையொன்று ஒட்டிய கட்டங்களில் மொத்தம் 50,000 பேராவது இருந்தால் அதை நகர மையம் என்கிறது. 300 பேர் அடர்த்தியும் மொத்தம் 5,000 பேரும் இருந்தால் நகர்த்திரள். பிறகே அது நகராட்சி எல்லையோடு பொருத்தப்படுகிறது. கட்டத்துக்கு அரசியல் இல்லை, பெயர் மாற்றமும் இல்லை. ஆனால் கட்டத்தில் யாரும் வரி செலுத்துவதில்லை, பள்ளியில் சேர்வதுமில்லை. மக்கள்தொகை தவிர்த்த பெரும்பாலான பதிவுகளுக்கு மீண்டும் நிர்வாக அலகுகளிடமே திரும்ப வேண்டியிருக்கிறது.

இறுதியாகத் தேதியைப் பற்றி. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கவுன்ட்டி அரசுகள் 1960இல் ஒழிக்கப்பட்டன. ஆனாலும் அந்த 8 கவுன்ட்டிகளே அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கூட்டரசின் புள்ளிவிவரத்தில் தொடர்ந்தன. 2022இல் கணக்கெடுப்புப் பணியகம் அவற்றுக்குப் பதிலாக 9 திட்டப் பகுதிகளை ஏற்றுக்கொண்டது. பழைய எட்டும் புதிய ஒன்பதும் ஒன்றுக்குள் ஒன்று அடங்குவதில்லை. பரப்பளவு விகிதப்படி எண்களைப் பங்கிட்டால், காட்டுக்கும் ஏரிக்கும் மக்களைப் பங்கு வைத்ததாகும். மக்கள்தொகை விகிதப்படி பங்கிடுவது மேல், அதுவும் மதிப்பீடுதான். ஆனால் கனெக்டிகட்டில் டவுன் எனப்படும் உள்ளாட்சி அலகுகள் 169 இருக்கின்றன. பழைய கவுன்ட்டியும் சரி, புதிய திட்டப் பகுதியும் சரி, முழு டவுன்களைக் கொண்டே கட்டப்பட்டவை. டவுன் அளவில் எண்கள் கிடைக்கும் தலைப்புகளில், பழைய தொடரை அங்கிருந்து தொடங்கிப் புதிய எல்லைக்குள் பிசகில்லாமல் கூட்டிவிடலாம். டவுன் அளவில் வெளியிடப்படாத தலைப்புகளுக்கு 2022இல் தொடர் அறுகிறது. அந்த ஆண்டில் ஒரு கோடு போட்டு, இரு பக்கத்தையும் தனித்தனியாகத்தான் படிக்க வேண்டும்.